கோடு போட்ட விளக்கு

வெள்ளையடித்த ஒரு சுவர். அதில் அடுப்புக்கரியால் இழுத்த நீளமான கோடு. கோட்டுக்கு மேலே இரண்டு வட்ட வெளிச்சங்கள். சுவருக்கு எதிரே, ஒரு தெருவைத் தாண்டும் தூரத்தில், ஒரு மோட்டார் பஸ். பஸ் நிறைய ஆட்கள். அவர்களில் ஒருவரும் எங்கேயும் போகவில்லை.

விளக்கு வைக்கும் நேரம். மணிலாக் கொட்டைக் கிடங்குகளின் பக்கமிருந்து கடலையெண்ணெய் வாடையும் ஈரச் சாக்கு வாடையும் வந்துகொண்டிருந்தன. பஸ்ஸின் இஞ்சின் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது வேகம் பிடித்தால் சுவரிலிருந்த வெளிச்சம் வெளுக்கும், தளர்ந்தால் மஞ்சளாகும். மெக்கானிக் வேணு பஸ்ஸின் முன்னால் குந்தி, இடது விளக்கின் அடியிலிருந்த திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். வட்டம் மெல்ல மெல்லக் கோட்டை நோக்கி இறங்கும். பஸ்ஸுக்குள் யாராவது தும்முவார்கள். வட்டம் ஆடும்.

"எவன்யா ஆடறது உள்ள?" என்று வேணு கத்துவார்.

"மூக்கு அரிச்சா சொறியக்கூடாதா? இது பஸ்ஸா, பூசையா?" என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் வரும்.

ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை என் வேலை, பாரமாக இருப்பது. ஓட்டுகிறவர் சவரிமுத்து. அவருடைய அனுமதிச் சீட்டு, ஊரில் ‘பெர்மி’ என்பார்கள், சுவரோரம் நின்றிருந்த பொலீஸ் பிரிகாதியேயின், அதாவது ஏட்டின், சட்டைப் பையில் இருந்தது. இரண்டு வட்டங்களும் கோட்டுக்குக் கீழே வந்து, எதிரே வருகிறவனின் கண் கூசாது என்பது நிரூபணமானால் சீட்டு திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் அதோடு சவரிமுத்துவின் தொழில் முடிந்தது.

இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. விளக்கு வைத்த பிறகு சவரிமுத்துவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அதை அறிந்தவர்கள் அவர் மனைவி பிலோமினாவும் நானும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

குட்டையாகிப் போன ரோடு

சென்ற வாரம் இந்தப் பத்தியில் அச்சுக்கூடத்துப் பூனையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மனிதர்களைப் பற்றி எழுதக் கூடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எழுதலாம். பூனையைப் பற்றி எழுதும்போது இவ்வளவு அலுப்பு வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் ஒரு சின்னப் பத்திரிகையில் எனக்கு வேலை. கோர்ட்டுச் செய்திக்கும் சந்தை விலைக்கும் அடிக்கடி எல்லை தாண்டிக் கடலூர் போய்வர வேண்டும். காலையில் சவரிமுத்துவின் பஸ்ஸில் போவேன். மாலையில் அதே பஸ்ஸில் திரும்புவேன். முன் இருக்கை எனக்கு என்று ஆகிவிட்டிருந்தது.

கடலூர்க்காரர்கள் அவரை டிரைவர் என்பார்கள். அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டியதும் ‘ஷோஃபேர்’ ஆகிவிடுவார். கனத்த உடம்பு, காக்கிச் சட்டை, கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு. பிரேக் போடும்போதெல்லாம் "மாதாவே" என்பார். அது பக்தியா, பிரேக்கின் நிலைமையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

ஒரு கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு மாலையில், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"தம்பி, ரோடு வரவர குட்டையா போவுது."

"என்னா சொல்றீங்க?"

"முன்னெல்லாம் இந்த மோட்டுல ஏறுனாலே அந்தப் புளியமரம் தெரியும். இப்ப புளியமரத்துக்குக் கீழ வந்தாத்தான் புளியமரம் தெரியுது."

மாலைக்கண். பகலில் வயல் நடுவே நிற்கும் கொக்கு எந்தக் காலில் நிற்கிறது என்று சொல்லக்கூடியவர். பொழுது இறங்கினால் வெளிச்சம் விழுந்த இடம் மட்டும்தான் அவருக்கு உலகம். பிலோமினா தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை சமைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆட்டு ஈரல்.

"ஊர் ஆட்டு ஈரல்ல முக்காவாசி என் வயித்துலதான் இருக்குது," என்றார் சவரிமுத்து. "ஆட்டுக்கு இருட்டுல கண்ணு தெரியுது. எனக்குத் தெரியல."

"மொதலாளி மரைக்காயர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"சொல்லிட்டு? எனக்கு வேற என்னா தெரியும்? ஸ்டீரிங்க உட்டா சோறு திங்கத் தெரியும். மொதலாளி காதுக்குப் போவக்கூடாது தம்பி."

போகாது என்றேன். அதன் பிறகு மாலைகளில் நான் முன் இருக்கையில் தூங்குவதை நிறுத்திவிட்டேன். "மாடு," என்பேன். "சைக்கிள்." "ரெண்டு பேரு, எடது பக்கம்." பகலெல்லாம் கோர்ட்டில் கேட்டு எழுதிய களைப்போடு, ஊர் வந்து சேரும் வரை இதையும் செய்தேன். இப்போது நினைத்தால் அந்தப் பயணங்களில் எனக்கு நினைவிருப்பது நெற்றிப்பொட்டில் இருந்த வலிதான்.

பெரிய விளக்கு

பஸ்ஸின் உரிமையாளர் கபீர் மரைக்காயர். துணி வியாபாரம், மணிலா வியாபாரம், அதற்குமேல் இந்த ஒரு பஸ். பஸ்ஸில் லாபம் இல்லை என்று எல்லாரிடமும் சொல்வார். தினமும் காலையில் வந்து அதைத் துடைப்பவனையும் விரட்டிவிட்டுத் தானே துடைப்பார்.

அவரிடம் சவரிமுத்து ஒரு நாள், "வெளக்கு மங்கல், மொதலாளி. ரோடு தெரியல," என்றார். குற்றம் விளக்கின் மேல் போயிற்று. முழுப் பொய்யுமில்லை. அந்தப் பழைய விளக்குகளின் உள்கிண்ணம் கறுத்து, வெளிச்சம் வெல்லப்பாகு நிறத்தில்தான் விழும்.

மரைக்காயர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாக்குறேன்," என்றார்.

அடுத்த மாதமே இரண்டு பெரிய விளக்குகள் வந்தன. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பெரிய காரிலிருந்து கழற்றியவை. ஒவ்வொன்றும் சோற்றுப் பானை அளவு. புது பாட்டரி, அதிக வெளிச்சம் தரும் பல்புகள். வேணு அவற்றைப் பூட்டும்போது, "பஸ் மூஞ்சிக்கி இது பெருசு. தவளை மாதிரி இருக்குது," என்றார். பூட்டினார். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. விளக்கு முன்னால் பார்க்க வேண்டும், பார்க்கிறது.

முதல் மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடலூர் எல்லை தாண்டியதும் சவரிமுத்து சுவிட்சைத் தட்டினார். ரோட்டோரத்துப் பனை மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றன. தூரத்து மதகு, அதன் மேல் உட்கார்ந்திருந்த ஆள், ஆளின் கையிலிருந்த செம்பு, எல்லாம் தெரிந்தன.

"ரோடு நீண்டுட்டுது தம்பி!" என்றார் சவரிமுத்து. அன்று நான் ஊர் வரும் வரை தூங்கினேன்.

எதிரே வந்தவர்கள் பாடு வேறு. சைக்கிள்காரர்கள் இறங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். மாடுகள் ரோட்டைவிட்டு இறங்கின. வண்டிக்காரர்கள் பஸ்ஸுக்கு ‘ரெட்டச் சூரியன்’ என்று பேர் வைத்தார்கள். நாங்கள் தாண்டும்போது இருட்டிலிருந்து குரல் வரும்:

"கண்ண அவிச்சிட்டுப் போறியேடா பாவி! உன் பொண்டாட்டி மொகத்துல அடிடா இத!"

"அவ கண்ண மூடிக்கிட்டுத்தான் இருக்கா," என்பார் சவரிமுத்து, தனக்குத்தானே. சந்தோஷமாக இருந்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

பூண்டு நாற்றம்

விளக்கு என்பது ஓட்டுகிறவனுக்கா, எதிரே வருகிறவனுக்கா என்ற கேள்வி எங்கள் ஊரில் அதற்கு முன் எழுந்ததே இல்லை. நான் பையனாக இருந்தபோது மோட்டார் வண்டிகளுக்குக் கார்பைட் விளக்கு. கல்லின் மேல் தண்ணீர் சொட்டும்; வாயு கிளம்பும்; தீக்குச்சி கிழித்துப் பற்றவைப்பார்கள். தெரு முழுக்கப் பூண்டு நாற்றம் அடிக்கும். வண்டி வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடும். காற்று பலமாக அடித்தால் அணைந்துவிடும். ஓட்டுநர் இறங்கி, கடற்கரைக் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குச்சி மேல் குச்சியாகக் கிழித்துக்கொண்டிருப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் துரைசாணி மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பாள்.

அந்த விளக்கு யார் கண்ணையும் கூச வைத்ததில்லை. யாருக்கும் வழியையும் காட்டியதில்லை.

தமுக்கு சொன்னது

பெரிய விளக்கு எங்கள் பஸ்ஸுக்கு மட்டும் வந்ததல்ல. அந்த ஒன்றிரண்டு வருஷங்களில் வசதியுள்ள எல்லாரும் மாற்றினார்கள். புகார்கள் போயின. ஒரு நாள் உத்தரவு வந்தது.

பிரெஞ்சில் ரோட்டுச் சட்டத்துக்குக் ‘கோட்’ என்று பெயர். எதிரே ஆள் வரும்போது தாழ்த்திப் போடுகிற வெளிச்சத்துக்கும் சட்டத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். தூரத்துக்கு அடிப்பது ஒன்று, தாழ்த்தி அடிக்கும் ‘கோட்’ ஒன்று, இரண்டும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும். உத்தரவின் பொருள் இவ்வளவுதான்.

தமிழில் அந்த ஓசையை எழுத நமக்கு இருப்பது ஒரே வழி. எங்கள் பத்திரிகையில் ‘கோடு’ என்று அச்சானது. தெருவில் தமுக்கு அடித்தவரும் அதையே சொன்னார்:

"எல்லா மோட்டார் வண்டிக்கும் வெளக்குல கோடு இருக்கணும்! கோடு இல்லாத வண்டி ரோட்டுல போவக்கூடாது!"

மறுநாள் காலையில் ஊரிலிருந்த வண்டிக்காரர்கள் எல்லாம் பெயிண்ட் டப்பாவைத் தேடினார்கள்.

நான் மிகைப்படுத்தவில்லை. விளக்குக் கண்ணாடியின் குறுக்கே ஒரு கோடு. சிலர் வெள்ளை, சிலர் சிவப்பு. உழவர்கரையிலிருந்து வரும் ஒரு வாடகைக் காரில் மூன்று கோடுகள், விபூதிப் பட்டை மாதிரி. அதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் தன் வண்டியின் இரண்டு விளக்குக்கும் நாமமே போட்டுவிட்டார். ஒரு வார காலம் எங்கள் ஊர் வீதிகளில் சைவ வெளிச்சமும் வைணவ வெளிச்சமும் எதிரெதிரே போய்வந்தன.

சவரிமுத்து படுக்கையாக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். பிலோமினா வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னொண்ணு நெட்டுக்குப் போடுங்களேன். வழித்துணையா இருக்கும்," என்றார்.

"ஒண்ணு போட்டா கோடு. ரெண்டு போட்டா சிலுவ. உத்தரவு சிலுவ கேக்கல," என்றார் சவரிமுத்து.

கோடு வெளிச்சத்தைத் தாழ்த்தவில்லை. கொஞ்சம் சிதறடித்தது, அவ்வளவுதான். ஆனால் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிட்டது. சட்டப்படிதான் கண்ணைக் கூச வைக்கிறோம் என்ற நிம்மதி.

பாலத்தருகே

மறு வருஷம் மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. அரியாங்குப்பத்துப் பாலத்துக்கு ஏறும் சரிவில் நாங்கள் வந்துகொண்டிருந்தோம். இருட்டிச் சிறிது நேரம்தான். எதிரே ஒரு மாட்டு வண்டி, சவுக்கு விறகு ஏற்றியது. ஓட்டியவர் அரியாங்குப்பத்து ஏகாம்பரம்.

பஸ் மேட்டில் ஏறியபோது அதன் மூக்கு நிமிர்ந்தது. இரண்டு வெளிச்சமும் நேராகப் போய் அவர் முகத்தில் விழுந்தன. அவர் கயிற்றை விட்டுவிட்டு முழங்கையால் கண்ணை மறைத்தார். மாடுகள் வெளிச்சத்துக்கு மிரண்டு கரையோரம் ஒதுங்கின. வண்டி ஒரு சக்கரத்தில் கொஞ்சம் நின்று, பிறகு விறகோடு சரிவில் உருண்டது. மாடுகள் நுகத்தடி முறிந்து தப்பின. ஏகாம்பரத்துக்குத் தோள் எலும்பு போயிற்று.

செய்தி எழுதுவது என் வேலை. ‘மோட்டார் வெளிச்சத்தால் மாட்டு வண்டி கவிழ்ந்தது. வண்டிக்காரருக்குத் தோளில் காயம். உயிர்ச்சேதம் இல்லை.’ மூன்று வரி. மூன்று வரியில் அடங்காத ஒன்றைச் சவரிமுத்து அன்று சொன்னார். விறகுக் கட்டைகள் சிதறிக் கிடந்த சரிவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்தையும் பாத்தேன் தம்பி. மாட்டுக் கொம்புல பூசியிருந்த செவப்பு வரைக்கும் பாத்தேன். அவன் கைய கண்ணுகிட்ட கொண்டு போனத பாத்தேன். எனக்கு அவ்ளோ நல்லா தெரிஞ்சிது."

இந்தக் கோடு அந்தக் கோடு இல்லை

பிரிகாதியே வந்தார். சைகோனில் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி, பொலீஸில் சேர்ந்த தமிழர். இரண்டு முழங்காலிலும் வாதம். உட்கார்ந்தால் எழ முடியாது, நின்றால் நிற்க முடியாது என்பதால் எப்போதும் எதன் மேலாவது சாய்ந்திருப்பார். அன்று பஸ்ஸின் மட்கார்டில் சாய்ந்துகொண்டார்.

"உத்தரவு வந்தது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் முசே. கோடு போட்டிருக்கேன், பாருங்க," என்று சவரிமுத்து விளக்கைக் காட்டினார்.

பிரிகாதியே குனிந்து பார்த்தார். விரலால் பெயிண்ட்டைத் தடவினார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த வாரம் நீ ஏழாவது ஆளா, எட்டாவது ஆளா தெரியல. இந்தக் கோடு அந்தக் கோடு இல்லய்யா. கோட்னா சட்டம். சட்டப்படி வெளிச்சம் கீழ எறங்கணும்."

"அதுக்குத்தான் கோட்ட கீழயே போட்டேன் முசே."

"பெர்மிய எடு."

சீட்டு அவர் பைக்குப் போயிற்று. சட்டப்படி விளக்கை மாற்றி, அவர் கண் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும். எதிரே வண்டியில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லப்போகிறவர் வேறு யாருமில்லை, ஏகாம்பரம். "அவன் கண்ணுதானே கூசிச்சி? அவனே சொல்லட்டும்," என்றார் பிரிகாதியே.

வேணு சென்னைப்பட்டணத்துக்குச் சொல்லியனுப்பி ஒரு புது மாதிரி பல்பு வரவழைத்தார். ஒரே பல்புக்குள் இரண்டு இழை. ஒன்று எரிந்தால் வெளிச்சம் தூரம் போகும். இன்னொன்று எரிந்தால் தாழ்ந்து பக்கத்தில் விழும். மாற்றுவதற்குக் காலடியில் ஒரு சுவிட்ச். சவரிமுத்து அதை மிதித்து மிதித்துப் பார்த்தார். தாழ்த்தியதும் ஒவ்வொரு தடவையும் அவர் முகமும் தாழ்ந்தது. நான் மட்டும்தான் அதைப் பார்த்தேன் என்று எண்ணினேன். மரைக்காயரும் அங்கேதான் நின்றிருந்தார்.

போகாத பஸ்

சோதனைக்குக் குறித்த மாலை. சமதரை வேண்டும், வெள்ளைச் சுவர் வேண்டும் என்று வேணு கேட்டதால் மரைக்காயரின் மணிலாக் கிடங்கின் பின்பக்கம். வேணு தரையிலிருந்து விளக்கின் நடுப்பாகம் வரை ஒரு குச்சியால் அளந்து, அதே உயரத்துக்குக் கொஞ்சம் கீழே சுவரில் கரியால் கோடு இழுத்தார். தாழ்ந்த வெளிச்சம் அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போகக் கூடாது.

"கடைசியில கோடு சுவத்துலதான் போட வேண்டியிருந்திருக்குது," என்றார் சவரிமுத்து.

இரண்டு விளக்கையும் இறக்கிவிட்டார்கள். வட்டங்கள் கோட்டுக்குக் கீழே படிந்தன. பிரிகாதியே சுவரிலிருந்து முதுகை எடுத்தார். அப்போதுதான் மரைக்காயர் வாய் திறந்தார்.

"காலி வண்டிய வச்சி அளக்குறீங்களே, நான் காலி வண்டியா ஓட்டுறேன்? எம் பஸ்ஸுல பின்னாடி நிக்க எடம் இருக்காது."

அதைப் பெருமைக்குத்தான் சொன்னார். ஆனால் வேணு நிமிர்ந்து பார்த்தார். பின்பக்கம் ஆள் ஏறினால் முன்பக்கம் தூக்கும். பாலத்து மேட்டில் நடந்ததும் அதுதான். சோதனைக்குப் பஸ் நிறைய வேண்டும்.

கிடங்கிலிருந்து மணிலா மூட்டைகளைப் பின்னால் அடுக்கினார்கள். போதவில்லை. சந்தை முடிந்து கூடையோடு போய்க்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார்கள்.

"இது எங்க போவுது?" என்றாள் ஒரு மீன்காரி, படியில் ஒரு கால் வைத்தபடி.

"எங்கயும் போவலம்மா. சும்மா ஏறி உக்காரு."

"போவாத பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டா?"

"இல்ல."

"அப்ப எம் மருமவளையும் கூட்டியாறேன். அவ பஸ்ஸு ஏறுனதே இல்ல."

நிறைந்தது. வேணு மறுபடி விளக்கைப் போடச் சொன்னார். கோட்டுக்குக் கீழே இருந்த இரண்டு வட்டங்களும் இப்போது கோட்டுக்கு மேலே, ஆள் முகம் இருக்கும் உயரத்தில் நின்றன. பிறகு வேணு திருகைத் திருப்பத் தொடங்கினார். நான் முதலில் சொன்ன காட்சி இதுதான். தும்மல், ஆட்டம், அதட்டல். பஸ்ஸுக்குள் மீனும் மணிலாவும் வியர்வையும் கலந்து நாறின. மருமகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் எப்போது புறப்படும் என்று இரண்டு தடவை கேட்டாள். மேலிருந்த வட்டங்கள் கோட்டைத் தொட்டு, அதற்குக் கீழே வந்து நின்றன.

"இன்னொரு தோள் இருக்குது"

பஸ்ஸை ஆளோடும் மூட்டையோடும் வேணுவே கிடங்குத் தெருவுக்குள் திருப்பி நிறுத்தினார். பிறகு சவரிமுத்து தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். தெருவின் மறு கோடியில் மாட்டு வண்டி. அதன் மேல் ஏகாம்பரம், தோளில் வெள்ளைக் கட்டு. மூக்கணாங்கயிற்றை அவர் மச்சான் பிடித்திருந்தார்.

"என்னா ஷோஃபேரே, தயாரா?" என்று அங்கிருந்து கத்தினார் ஏகாம்பரம். "பாத்து செய்யி. எனக்கு இன்னொரு தோளு இருக்குது!"

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். சவரிமுத்து சிரிக்கவில்லை. காலடி சுவிட்சை மிதித்தார். வெளிச்சம் தரையில் படிந்தது. எங்கள் முன்னால் ஒரு பாய் விரித்த மாதிரி தெரு தெரிந்தது, அதற்கப்பால் மங்கல். மங்கல்தான், இருட்டல்ல. மேற்கில் வெளிச்சம் முழுவதும் போய்விடவில்லை. வண்டி கிளம்பி வருவது எனக்குத் தெரிந்தது. மாட்டுக் கொம்பு, ஏகாம்பரத்தின் வெள்ளைக் கட்டு, சக்கரத்தின் ஆட்டம்.

வண்டி பாதித் தூரம் வந்திருந்தபோது சவரிமுத்து என் பக்கம் தலையைச் சாய்த்தார். உதடு அசையாமல் கேட்டார்:

"தம்பி, வண்டி கெளம்பிட்டுதா?"

"பாதி தூரம் வந்துட்டுது," என்றேன்.

அவர் ஸ்டீரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மாடுகள் வெளிச்சத்துக்குள் கால் வைத்ததும் அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது.

பிரிகாதியே கையைத் தூக்கினார். "என்னா தெரியுது?" என்று ஏகாம்பரத்தைக் கேட்டார்.

"எம் மாடு தெரியுது. ரோடு தெரியுது. பஸ்ஸு தெரியுது."

"கண்ணு கூசுதா?"

"இல்ல முசே. ஷோஃபேர் மூஞ்சியே தெரியுது." பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "அந்தாளு பயந்துபோயிருக்கான் பாவம். குடுத்துடுங்க."

ஷோஃபேருக்கு என்ன தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. அது உத்தரவில் இல்லை. பிரிகாதியே பையிலிருந்து சீட்டை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். பஸ்ஸுக்குள் கை தட்டினார்கள். மீன்காரி, "இதுக்குத்தானா இவ்ளோ நாழி?" என்று கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மருமகள் இறங்க மறுத்தாள்.

கிடங்கு வாசல்

எல்லாரும் போன பிறகு சவரிமுத்து மரைக்காயரிடம் போனார். நான் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகும் தெம்பு இல்லை.

"மொதலாளி, இத நீங்களே வச்சிக்கங்க."

"உன் பெர்மிய நான் வச்சி என்னா பண்றது? எனக்கு ஸ்டீரிங் புடிக்கத் தெரியுமா?"

"அந்தியில எனக்குக் கண்ணு தெரியல மொதலாளி. இப்ப இல்ல, ரொம்ப நாளா."

மரைக்காயர் குல்லாவைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "தெரியும்," என்றார்.

"என்னா தெரியும்?"

"பின்ன அவ்ளோ பெரிய வெளக்கு என்னாத்துக்கு வாங்குனேன்? பஸ்ஸுக்கா?"

கிடங்குக்குள் எங்கேயோ எலி ஓடி மணிலா உருண்டது.

"வெளக்க மேல தூக்குனா எனக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியல," என்றார் சவரிமுத்து. "எறக்குனா அவனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. வேற வெளக்கு இல்ல மொதலாளி."

"பகல்ல மட்டும் ஓட்டேன். அந்திக்கி வேற ஆளு பாக்குறேன்."

"காலைல போற வண்டி அந்தியிலதானே திரும்புது. ஒரு வண்டிக்கு ரெண்டு பேரு எதுக்கு?"

சீட்டை மரைக்காயரின் கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கிவிட்டார். அன்று பஸ்ஸை ஷெட்டுக்கு ஓட்டிப்போனவர் வேணு. சவரிமுத்து பின்னால் மூட்டைகளோடு உட்கார்ந்து போனார்.

முகம்

அதன் பிறகு எனக்குக் கடலூர் வேலை குறைந்தது. ஒரு மாலை முதலியார்பேட்டைப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தேன். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எதிரே ஒரு பஸ்.

ஓட்டியவர் காலால் சுவிட்சை மிதித்திருக்க வேண்டும். வெளிச்சம் என் முகத்தைவிட்டு இறங்கி ரோட்டில் படிந்தது. என் காலடி மண்ணும் செருப்பு வாரும் தெரிந்தன. விளக்குக் கண்ணாடியில் அந்த வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. ஊரில் யாரும் அதைச் சுரண்டவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பஸ்ஸுக்குள் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளில் எதிரேயிருந்து நான் அந்தப் பஸ்ஸில் ஒரு முகத்தைப் பார்த்தது அன்றுதான். ஓட்டியவர் இளைஞர், எனக்குப் பழக்கமில்லாதவர். பக்கத்தில், நான் உட்காரும் இடத்தில், தோளில் டிக்கெட்டுப் பையோடு சவரிமுத்து.

நான் கையைத் தூக்கினேன். சவரிமுத்து நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை எழவில்லை.

ஓட்டியவர் என்னைப் பார்த்துவிட்டு ஹாரனை ஒரு தடவை அமுக்கினார். சவரிமுத்து அவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். பஸ் தாண்டிப் போய்விட்டது. ‘யாரு?’ என்றுதான் கேட்டிருப்பார்.